எல்லாக் கெடுதலும் தெரிந்தும் சிகரெட்டை ஏன் விட முடிவதில்லை?

நாணல்:

அலுவலகத்தில் புகைப்பவர்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கையேடுகளைப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சு: கருத்துப்போன நுரையீரல் படம், வாய்ப் புற்றுநோய் படம், கடைசியில் 'இன்றே விடுங்கள்'. இதில் எதுவும் புகைப்பவருக்குப் புதிய செய்தி இல்லை. பாக்கெட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் அவர் கண்ணெதிரேதான் இருக்கிறது. மருத்துவர்களிலேயே புகைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு யார் போய்ப் பாடம் நடத்துவது?

ஆக, தெரியாமை காரணம் இல்லை. தெரிந்தும் தொடர்வது எதனால்? 'மன உறுதி இல்லை' என்ற பதில் மட்டும் வேண்டாம். மற்ற எல்லா விஷயத்திலும் கறாராக இருப்பவர்கள் இந்த ஒன்றில் தோற்கிறார்கள். காரணம் பிடிபட்டால், கையேட்டில் படத்துக்குப் பதிலாக எதைப் போடுவது என்பதும் தெரிந்துவிடும். அளவு, நேரம், கணக்கோடு சொன்னால் நல்லது.

மூன்றாம் சாமம்:

மன உறுதியை ஓரமா வைங்க. முதல்ல கடிகாரத்தைப் பாருங்க.

புகையை உள்ள இழுத்ததும் நிகோடின் நுரையீரல் வழியா ரத்தத்துல கலந்து மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 நொடிதான் ஆகும். அங்க அசிட்டைல்கோலின்ங்கிற மூளை ரசாயனம் வந்து உட்காரன்னு இருக்கிற ஏற்பிகள்ல நிகோடின் போய் உட்காருது, சுகத்தைப் பதிய வைக்கிற டோபமைன் சுரக்குது. செஞ்ச காரியத்துக்கும் கிடைச்ச சுகத்துக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு குறையுதோ, மூளை அதை அவ்வளவு ஆழமா மனப்பாடம் பண்ணிக்கும். ஒரு சிகரெட்டுக்குச் சுமாரா 10 இழுப்பு. நாளுக்கு 20 சிகரெட்னா 200 இழுப்பு, வருஷத்துக்கு 73,000. ஒரே பாடத்தை இத்தனை தடவை படிச்ச மூளைகிட்ட போய் ஒரு படத்தைக் காட்டி 'மறந்துடு'ங்கறோம்.

ஏறினது இறங்கணுமே. ரத்தத்துல இருக்கிற நிகோடின் சுமார் ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும். தினமும் புகைக்கிறவர் மூளையில அந்த ஏற்பிகளோட எண்ணிக்கையே கூடிப்போயிருக்கும். அவ்வளவும் காலியாக ஆரம்பிச்சதும் எரிச்சல், ஒண்ணுலயும் கவனம் நிக்காத பரபரப்பு, காரணமில்லாத கோபம். அடுத்ததைப் பத்த வெச்சதும் எல்லாம் அடங்கிடும். 'சிகரெட் டென்ஷனைக் குறைக்குது'ன்னு சொல்றவர் பொய் சொல்லலை, நிஜமாவே குறையுது. ஆனா அந்த டென்ஷனைக் கொண்டுவந்து விட்டதே போன சிகரெட்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற வேலை. 2014-ல 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, புகையை விட்டவங்களுக்குச் சில வாரம் கழிச்சுப் பதற்றமும் மனச்சோர்வும் குறைஞ்சிருந்தது. தொடர்ந்து புகைச்சவங்களுக்கு அப்படிக் குறையலை.

இப்ப ஆபத்தை இதே கடிகாரத்துல வெச்சுப் பாருங்க. புற்றுநோய் வர்றதா இருந்தா 20, 30 வருஷம் கழிச்சு. அதுவும் வரலாம், வராமலும் போகலாம். சிகரெட் இல்லாத தவிப்பு இன்னும் அரை மணியில, கட்டாயம் வரும். இந்த ஒரு சிகரெட்டால நாளைக்கு எதுவும் ஆகப்போறதில்லைங்கிறதும் உண்மை. கெடுதல் மொத்தத்துலதான் இருக்கு, முடிவெடுக்கிறதோ ஒவ்வொண்ணா. எச்சரிக்கைப் படம் பேசுறது வேற காலத்தைப் பத்தி.

அதனால கையேட்டுல பயமுறுத்துறதைக் கொஞ்சம் குறைச்சு, திரும்பக் கிடைக்கிறதைச் சொல்லுங்க. பிரிட்டன்ல 1951-ல ஆண் மருத்துவர்களை வெச்சு ஆரம்பிச்ச ஆய்வோட 50 வருஷக் கணக்கு 2004-ல வந்தது. விடாம புகைச்சவங்களுக்குச் சராசரியா 10 வருஷ ஆயுசு குறையுது. 60 வயசுல விட்டா அதுல 3 வருஷம் திரும்பக் கிடைக்கும், 50-ல விட்டா 6, 40-ல விட்டா 9, 30-ல விட்டா கிட்டத்தட்ட முழுசும். 'இத்தனை வருஷம் புகைச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது'ங்கிற பேச்சுக்கு இந்த ஒரு வரி போதும்.

இடைவேளை:

கடிகாரக் கணக்கு சரி. ஆனால் நிகோடின் மட்டுமே காரணம் என்றால் தோல் வழியே நிகோடின் தரும் பேட்ச்சை ஒட்டிக்கொண்ட அத்தனை பேரும் விட்டிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. நிகோடின் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட சிகரெட்டைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துக்கு ஆசை அடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொண்டையில் படும் அந்த உரசல், விரலிடுக்கில் இருக்கும் கனம், பற்ற வைக்கும் சத்தம், வெளியே போய் நிற்கும் ஐந்து நிமிடம் எல்லாமே மூளைக்குப் பழகிப்போனவை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதில் சுவாரசியமானது. பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் 'இன்சுலா' பகுதி சேதமடைந்தவர்களில் பலருக்குப் புகைக்கும் ஆசையே அற்றுப்போயிருந்தது. உடம்பின் உள்ளுணர்வுகளைப் பதிவு செய்யும் பகுதி அது. அதாவது ஆசை என்பது வெறும் எண்ணம் அன்று, உடம்பில் உணரப்படும் ஒன்று. தர்க்கத்தால் அதைக் கரைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆபத்து தெரிந்தவர் அதோடு நிம்மதியாக வாழ முடியாது. அதனால் தனக்குத்தானே சில சமரசங்கள் செய்துகொள்வார். ஆளைக் கட்டிப்போடுவது இந்தச் சமரசங்கள்தான். கையேட்டில் இவற்றுக்குப் பதில் இருந்தால் படிப்பார்கள்.

ஒன்று, 'நான் லைட் சிகரெட்தான்'. பெயரில் லைட் என்று போடுவதைப் பல நாடுகள் தடை செய்துவிட்டன, நம்பிக்கை மட்டும் போகவில்லை. அப்படிப்பட்ட சிகரெட் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஃபில்டரைச் சுற்றியுள்ள காகிதத்தை உற்றுப் பாருங்கள். வட்டமாக ஊசித் துளைகள் தெரியும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியே காற்று கலந்து, தாரும் நிகோடினும் குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது உதடும் விரலும் அதே துளைகளை மூடுகின்றன. போதாததற்கு மூளை தனக்கு வேண்டிய நிகோடின் கிடைக்கும்வரை ஆழமாக, அடிக்கடி இழுக்க வைக்கும். உள்ளே போகும் அளவு அப்படியேதான்.

இரண்டு, 'இருபதிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டேன்'. இதைப் பாராட்டத்தான் தோன்றும். ஆனால் அந்த ஐந்தையும் கடைசிவரை ஒட்ட இழுக்கிறார். இதயத்தைப் பொறுத்தவரை கணக்கு நேர்கோட்டில் இறங்குவதும் இல்லை. 2018-ல் வந்த தொகுப்பாய்வின்படி நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்குக்கூட, 20 சிகரெட்டால் கூடும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. குறைப்பது விடுவதற்கு ஒரு படி என்றால் சரி. அங்கேயே குடியிருந்தால் லாபம் குறைவு.

மூன்று, '90 வயது வரை புகைத்த ஒருவரை எனக்குத் தெரியும்'. தெரியத்தான் செய்யும். விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேர் அதனாலேயே சாகிறார்கள், அதாவது மறுபாதிப் பேர் வேறு காரணத்தால் சாகிறார்கள். உதாரணம் காட்டக் கிடைப்பவர்கள் எப்போதும் அந்த மறுபாதியில்தான் இருப்பார்கள்.

கடைசி சமரசம் எல்லாவற்றையும்விடப் பெரியது: 'விடத்தான் போகிறேன், இந்த வேலை முடியட்டும்'. இதைச் சொல்பவர் மனதில் தான் புகைப்பவர் இல்லை, விடப்போகிறவர். அதனால் எச்சரிக்கைப் படம் தனக்கானது என்றே அவருக்குப் படாது.

நாணல்:

லைட் சிகரெட்டும் அந்த 'பாதி' கணக்கும் கட்டாயம் கையேட்டில் போகும். ஆனால் அடுத்த பக்கம்? இங்கே பலர் நிகோடின் சூயிங்கம் வாங்கிப் பார்த்துவிட்டு 'விக்கல்தான் வந்தது, வேலைக்கு ஆகவில்லை' என்று பழையபடி திரும்பிவிட்டார்கள். அதை எப்படி எழுதுவது?

மருந்தாளர்:

விக்கல் வந்தது என்றாலே அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்பவரும் சொல்வதில்லை, அட்டைக்குள் இருக்கும் தாளை யாரும் படிப்பதுமில்லை.

நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் ஏற வேண்டும். வேகமாக மென்றால் அது எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும். போன நிகோடினிலும் பெரும்பகுதியை ஈரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். ஆக, உபாதை முழுசாக, பலன் பாதிகூட இல்லாமல். மெல்லும் முறை இது: மெதுவாகக் கடியுங்கள். மிளகு கடித்த மாதிரி ஒரு காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் நிறுத்திவிடுங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தக் காரம் அடங்கும். மறுபடி இரண்டு மூன்று கடி, இந்த முறை வேறு பக்கத்தில் ஒதுக்குங்கள். இப்படி 30 நிமிடம். அதற்குமேல் அதில் ஒன்றும் இருக்காது.

காபி, பழச்சாறு, குளிர்பானம் குடித்த கையோடு போடக்கூடாது. வாயில் அமிலத்தன்மை இருந்தால் நிகோடின் தோலைக் கடக்காது. 15 நிமிடம் முன்னும், வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். பலரும் காபி குடித்ததும் எழும் ஆசைக்காகத்தான் அதைப் போடுகிறார்கள், சரியாக அந்த நேரத்தில்தான் அது வேலை செய்யாது.

எந்த அளவு வாங்குவது என்பதற்கு ஒரே கேள்வி: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்க ஃபேகர்ஸ்ட்ரோம் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு, மொத்தம் 10 மதிப்பெண். அதில் 5 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு அந்த ஒரு கேள்விக்கே 3 மதிப்பெண். நாளுக்கு எத்தனை என்பதைவிட இது நம்பகமான அளவுகோல் என்பேன்.

அப்புறம் எண்ணிக்கை. நாளுக்கு மூன்று நான்கு போட்டுவிட்டுப் போதவில்லை என்பார்கள். முதல் 6 வாரம் 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9, உச்சவரம்பு 24. அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: சிகரெட் நொடிகளில் தருவதை இது 20, 30 நிமிடத்தில்தான் தரும். தவிப்பு உச்சத்துக்கு வந்தபின் வாயில் போட்டால் தாமதம். அது வரும் நேரம் தெரிந்ததுதானே, முன்கூட்டியே போட வேண்டும்.

நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் தனியாகச் சூயிங்கம் மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்ச்சும் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிடப் பலன் கூடுதல் என்பது நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். 24 மணி நேர பேட்ச் என்றால் 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் 14-ல் தொடங்கலாம். முடியில்லாத, காய்ந்த தோலில், எண்ணெய் க்ரீம் எதுவும் இல்லாமல் ஒட்டி 10 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தினமும் வேறு இடம், இல்லையென்றால் தோல் சிவந்து அரிக்கும். கனவு தாறுமாறாக வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். அப்படி எடுத்தால் காலை முதல் ஒரு மணி நேரம் கைவிடப்பட்ட மாதிரி இருக்கும், புது பேட்ச் ஏற நேரமாகும். அதற்குத்தான் சூயிங்கம்.

வேரெனிக்ளின் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை. நிகோடின் உட்காரும் ஏற்பியில் தானே உட்கார்ந்து, அரைகுறையாகத் தூண்டும். தவிப்பு குறையும், மேலே புகைத்தாலும் சுகம் ஏறாது. முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒருவேளை, 4 முதல் 7-ஆம் நாள் வரை இருவேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். புகையை நிறுத்தும் நாள் 8-ஆம் நாள். குமட்டல் வரும், வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். புப்ரோபியான் என்று இன்னொரு மாத்திரை உண்டு, வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தாங்களாக வாங்கக்கூடாது.

நாணல்:

பேட்ச் ஒட்டியிருக்கும்போது தப்பித்தவறி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் மாரடைப்பு வருமா? இந்தப் பயத்திலேயே பேட்ச்சைப் பிய்த்து எறிந்தவர்கள் உண்டு.

மருந்தாளர்:

பிய்க்க வேண்டாம். நிறுத்தும் நாளுக்கு முன்பே பேட்ச் ஒட்டிக்கொண்டு, புகைத்துக்கொண்டே ஆரம்பிக்கும் முறைகூட நடைமுறையில் இருக்கிறது. அளவு மீறினால் குமட்டல், தலைசுற்றல், படபடப்பு வரும், அப்போது எடுத்தால் போதும். சறுக்கிய அன்று பேட்ச்சையும் கழற்றினால் மறுநாள் கையில் எதுவுமே இருக்காது. அப்புறம் பழைய இருபதுதான்.

குறிஞ்சி:

சறுக்கல்னு வந்ததால சொல்றேன். பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது அந்த ஒரு சிகரெட் இல்லை, அதுக்கப்புறம் வர்ற 'அவ்வளவுதான், போச்சு'ங்கிற நினைப்பு. அது கையேட்டுல இருக்கணும்: ஒண்ணு பிடிச்சிட்டா பாக்கெட்டை வெச்சுக்காதீங்க, அடுத்த வேளை சூயிங்கத்தைப் போடுங்க, திட்டம் அப்படியே தொடருது. தேதியைப் புதுசா வைக்க வேண்டாம்.

எந்தத் துணையும் இல்லாம விட முயற்சி பண்றவங்கள்ல 6 மாசம், ஒரு வருஷம் தாண்டுறவங்க 100-க்கு 3 முதல் 5 பேர்தான். இதையும் மறைக்காம எழுதுங்க. முதல் தடவை தோத்தவர் தன்கிட்ட ஏதோ கோளாறுன்னு நினைக்கிறதை அது நிறுத்தும்.

நாள் கணக்கு கொடுத்தா ரொம்ப உதவும். கடைசி சிகரெட்டுக்குச் சில மணி நேரத்துல உபாதை ஆரம்பிக்கும், 2-ஆம் 3-ஆம் நாள் உச்சம், 3 முதல் 4 வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். தவிப்பு அலையா வரும், ஒவ்வொரு அலையும் சில நிமிஷம்தான். அந்த நேரத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை இருந்தாப் போதும். இது தெரியாதவங்க 'மூணாவது நாளே இப்படின்னா ஆயுசு முழுக்க எப்படி'ன்னு கணக்குப் போட்டு விட்டுடறாங்க. மூணாவது நாள்தான் உச்சம், அதுக்குமேல ஏறாது. மலச்சிக்கல், வாய்ப்புண், முதல் சில வாரம் இருமல் கூடுறது இதெல்லாம்கூட வரும். 'விட்டதும் உடம்பு கெட்டுடுச்சு'ன்னு திரும்பப் பத்த வெக்கிறதுக்கு இதுவே பெரிய சாக்கு.

படிப்படியா விடுறதா, ஒரே நாள்லயான்னு கட்டாயம் கேட்பாங்க. 2016-ல ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ரெண்டு பக்கத்துக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்து. 4 வாரம் கழிச்சு, ஒரே நாள்ல விட்டவங்கள்ல 49 சதவீதம் பேர் தாக்குப்பிடிச்சாங்க, குறைச்சுக்கிட்டே வந்தவங்கள்ல 39. தேதி குறிச்சு ஒரேயடியா விடுறதுதான் என் ஓட்டு. ஆனா அதுக்கு ஒப்புக்கவே ஒப்புக்காதவரைக் கட்டாயப்படுத்தி மொத்தமா இழக்க வேண்டாம்.

எடை பத்தியும் நேர்மையா ஒரு வரி. முதல் வருஷத்துல சராசரியா 4 முதல் 5 கிலோ ஏறும், அதுல பெரும்பகுதி முதல் 3 மாசத்துல. முதல் மாசத்துலயே பட்டினி டயட்டும் சேர்த்து ஆரம்பிச்சா ரெண்டும் கவிழும்.

மருந்தாளர்:

குறிஞ்சி சொன்ன பட்டியலில் இல்லாத உபாதை ஒன்றும் உண்டு, அது காபியால் வருவது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியை முடுக்கிவிடும், காஃபீனைச் சிதைப்பது அதுதான். அதனால் புகைப்பவர் உடம்பு காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்ற சில நாளில் அந்த வேகம் போய்விடும். அதே மூன்று கப் குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தூக்கம் வராது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஆள் என்ன நினைப்பார்? 'சிகரெட் இல்லாமல் நரம்பே தளர்ந்துவிட்டது.' நிறுத்தும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள், மதியத்துக்குமேல் வேண்டவே வேண்டாம்.

இதே நொதி சில மருந்துகளையும் சிதைக்கிறது. மனநோய்க்கான க்ளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் சாப்பிடுபவர்கள் புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும், க்ளோசபினில் அது ஆபத்தான அளவுக்குப் போகலாம். நிகோடின் பேட்ச் இதைத் தடுக்காது, ஏனென்றால் நொதியைத் தூண்டுவது நிகோடின் இல்லை, புகை. இவர்கள் தேதி குறிக்கும் முன்பே தங்கள் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வரியைக் கையேட்டின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டிப் போடுங்கள்.